மாதிரி லாரியில் எலி

தரைவழிப் பயணத் துயர் மதிப்பீட்டு இயக்ககம் என்ற முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள், வந்தவனுக்கு இன்னொரு துயரம் சேர்ந்துவிடும். அதனால் எல்லாரும் துயரகம் என்றே சொன்னார்கள். அங்கே வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். காலையில் 'துயரகத்துக்குப் போயிட்டு வரேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, மாலையில் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு லாரி. கூடத்தின் நடுவே, வழவழத்த தரையில், சக்கரம் கழற்றிய குளிர்பதன லாரியின் பெட்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். தரைவழியாக எல்லை தாண்டி வருகிறவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று உணர வேண்டும் எனத் தலைமை ஆணையருக்கு ஒருநாள் தோன்றியது. வந்தவர்களையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவர்கள் வாசலில் வரிசையாகத்தான் நின்றார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது பழைய முறை, பட்டுத் தெரிந்துகொள்வதே புதிய முறை என்று அவர் ஒரு கருத்தரங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். உடனே ஓர் ஒப்பந்தக்காரர் மாதிரி லாரி செய்து கொடுத்தார்.

உள்ளே எட்டுப் பேர் உட்கார மெத்தை வைத்த பலகை. தலைக்கு மேலே குளிர்காற்றுக் குழாய். கும்மிருட்டு உடம்புக்கு ஆகாது என்று மருத்துவ ஆலோசகர் சொன்னதால் ஒரு சின்ன நீல விளக்கு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி; வெளியே இருப்பவர் உள்ளே பார்க்கலாம், உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க முடியாது. உள்ளே எழும் சத்தத்தைக் கேட்க வெளியே ஓர் ஒலிபெருக்கி. இத்தனை ஏற்பாட்டோடு விருந்தினர்களைப் பதினொரு நிமிடம் அடைத்துவைப்பார்கள். வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருத்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். ஒரு வங்கி அதிகாரி 'என் வாழ்க்கை இனி பழையபடி இருக்காது' என்று எழுதிவிட்டு, காரை வெயிலில் நிறுத்தியதற்காக டிரைவரை வாசலில் வைத்தே கிழிகிழி என்று கிழித்தார்.

இதோடு விட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் துயரகத்தில் ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதற்கும் வேலை வேண்டுமல்லவா. எண்பத்தேழு விருந்தினர்களை அது கவனித்தது. எண்பத்தேழு பேரும் நான்காம் நிமிடத்துக்குள் கதவைத் தட்டியிருந்தார்கள். பாதிப் பேர் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று தட்டியவர்கள். இதை வைத்து ஒரு கையேடு எழுதினார்கள். பதினான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: 'மூடிய வாகனத்தில் அடைபட்டவர் நான்கு நிமிடத்துக்குள் தட்டுவார். தட்டாதவர் துயரத்தில் இல்லை.' அன்று முதல், லாரியில் வந்தேன் என்று யார் சொன்னாலும் மாதிரி லாரியில் உட்காரவைத்துச் சோதித்த பிறகே துயர்ச் சான்று கொடுத்தார்கள். லாரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவன், விமானத்தில் வந்து இறங்கியவன், முப்பதாவது விநாடியில் தட்டி முதல் வகுப்புத் துயர்ச் சான்று வாங்கிக்கொண்டு போனான்.

இந்த இடத்துக்குத்தான் நம் தையல்காரர் வந்து சேர்ந்தார்.

அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு கடை வைத்திருந்தவர்கள். அவர் வெட்டித் தைப்பார். மனைவி காஜா எடுத்துப் பொத்தான் வைப்பார். கடை இருந்த தெருவையே கொளுத்திய பிறகு இருவரும் கிளம்பினார்கள். மூன்று லாரி மாறி வந்தார்கள். மூன்றாவது, மீன் ஏற்றும் லாரி. நாற்பத்தொரு பேர். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், நடுவே காலிப் பெட்டிகள். காற்று இல்லை. ஒருவர் நின்றபடியே செத்துப்போனார். விழ இடமில்லாததால் மறுநாள்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. முதல் நாளே யாரோ ஒருவர் சுவரைத் தட்டினார். லாரி நின்றது, கதவு திறந்தது, கிளீனர் இரும்புக் கம்பியோடு ஏறினான். தட்டியவர் யார் என்று அவன் விசாரிக்கவில்லை. கைக்கு எட்டியவர்களை எல்லாம் அடித்தான். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.

தட்டக் கூடாது, பேசக் கூடாது. அதனால் கீறினார்கள். தையல்காரரின் மனைவி நகத்தால் தகரத்தில் மூன்று தடவை சின்னதாகவும் ஒரு தடவை நீளமாகவும் கீறுவார். நான் இருக்கிறேன் என்று பொருள். இவர் அதே போலத் திருப்பிக் கீறுவார். ஐந்து நாளும் குடும்பம் நடந்தது அப்படித்தான்.

ஆறாம் நாள், ஒரு சோதனைச் சாவடியில், சீருடைக்காரர்கள் பெண்களை மட்டும் சோதனைக்கென்று இறக்கினார்கள். என்ன சோதனை என்று நானும் எழுதப்போவதில்லை, அவரும் எந்த அதிகாரியிடமும் சொன்னதில்லை. லாரி ஆண்களோடு கிளம்பிவிட்டது.

மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தடுப்பு முகாமில் இருந்தார். வாரம் ஒரு தடவை, இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். முகாமின் விதி எளிமையானது. இந்தப் பக்கம் உள்ள கணவன் துயர்ச் சான்று அனுப்பினால் மனைவியைப் பத்திரமாக அனுப்பிவைப்பார்கள். அறுபது நாளில் சான்று வராவிட்டால் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். வாசலுக்கு வெளியே என்ன இருக்கும் என்றால், லாரி இருக்கும். முகாமுக்கும் லாரிக்காரர்களுக்கும் ஆகாது என்று யாரும் சொன்னதில்லை.

பதினேழாம் நாள் தையல்காரரை மாதிரி லாரியில் ஏற்றினார்கள். கையேட்டில் எழுதியிருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்பது விதி. கதவு சாத்தியதும் அவர் மெத்தைப் பலகையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டார். பதினொரு நிமிடமும் ஒரு சத்தம் இல்லை. ஏழாம் நிமிடத்தில் மட்டும் அவருடைய வலது கை தானாகச் சுவருக்குப் போய்க் கீறியது. மூன்று சின்னது, ஒரு நீளம்.

ஒலிபெருக்கியருகே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அறிக்கையை நிரப்பினார். தட்டியது: இல்லை. துயரம்: இல்லை. பிற குறிப்புகள்: எலி, ஒன்று.

அந்த அம்மா கெட்டவர் அல்ல என்று துயரகத்தில் எல்லாரும் சொன்னார்கள். அறிக்கையை நீட்டும்போது ஒரு பிஸ்கட்டும் நீட்டினார்.

"நீங்க தட்டவே இல்லையே" என்றார்.

"தட்டினா அடிப்பாங்கம்மா."

"இங்க யாரு அடிக்கப் போறா? நாங்க எல்லாம் படிச்சவங்க."

இங்கே இல்லை, அங்கே என்று தையல்காரர் விளக்கப் பார்த்தார். அங்கே நடந்தது அவர்களுடைய அதிகார வரம்புக்குள் வராது என்று அம்மா பொறுமையாகச் சொன்னார். மாதிரி லாரியில் எது நடக்கிறதோ அதைத்தான் அவர்களால் நம்ப முடியும். அசல் லாரியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. மேல்முறையீடு செய்யலாம், தேதி தபாலில் வரும் என்றார்.

மேல்முறையீட்டு மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. தையல்காரர் தினமும் வந்தார். பழகிய முகமாகிவிட்டதால், ஊழியர்கள் தங்கள் சட்டையில் பொத்தான் தைத்துத் தரச் சொன்னார்கள். தைத்துக் கொடுத்தார். நாற்பதாம் நாள் தலைமை ஆணையரின் கோட்டுக்குப் பொத்தான் அறுந்தபோது, அந்தச் சாக்கில் அவர் அறைக்குள்ளேயே போய்விட்டார். கோட்டைக் கழற்றாமலே ஆணையர் நின்றார். தையல்காரர் ஊசியோடு அவர் மார்புக்கு நேராகக் குனிந்து நின்று, மனைவியின் கதையைச் சொன்னார். ஆணையருக்குக் கண் கலங்கியது. அவருக்கு அது சுலபமாகக் கலங்கும்.

"உங்க வலி எனக்குப் புரியுது" என்றார். "நானே அந்த லாரியில ஆறு தடவை உக்காந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் தட்டியிருக்கேன். உண்மையான துயரம்னா அது கைக்கு வந்துடும்யா. அடக்க முடியாது. நீங்க அடக்கிட்டீங்க. அப்போ உங்ககிட்ட இருக்கிறது துயரம் இல்ல, பொறுமை. பொறுமைக்குச் சான்று குடுக்கிற ஆபீஸ் இது இல்ல."

பொத்தான் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, கலங்கிய கண்ணோடு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார். தையல்காரரின் கையில் ஊசி இருந்தது என்பதையும், அவர் அதைத் திரும்பத் தன் சட்டைக் காலரில்தான் குத்திக்கொண்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஐம்பத்தெட்டாம் நாள் மனைவியோடு கடைசியாகப் பேசினார்.

"நாளன்னிக்கு வெளிய விட்டுடுவாங்களாம். வாசல்ல லாரி நிக்குதுன்னு பேசிக்கிறாங்க. ஏறி வந்துடறேன்."

"வேணாம். இங்க மேல்முறையீடு இருக்கு. தேதி குடுத்துட்டாங்க."

"எப்போ?"

"அறுபத்தாறாம் நாள்."

அந்தப் பக்கம் மனைவி சிரித்த மாதிரி இருந்தது. அதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

எல்லையிலிருந்து நகரத்துக்கு ஒரே நெடுஞ்சாலை. அது துயரகத்தின் பின்பக்கமாகத்தான் போகிறது. அறுபதாம் நாளிலிருந்து தையல்காரர் அந்த மதில் ஓரம் நின்று, போகிற லாரியை எல்லாம் பார்த்தார். மூடிய லாரிக்கு வெளியே நின்று என்ன தெரியும்? இருந்தாலும் பார்த்தார்.

அறுபத்தாறாம் நாள் துயரகத்தில் இரண்டு விசேஷம். ஒன்று இவருடைய மேல்முறையீடு. அது யாருக்கும் நினைவில்லை. இன்னொன்று, உயர்மட்டத் தூதுக்குழுவின் வருகை. அவர்களுக்குக் காட்டுவதற்காக இரண்டாவது மாதிரி லாரி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அது அன்று காலை வந்து சேர வேண்டும்.

காலையில் ஒரு லாரி வந்தது. நெடுஞ்சாலை ரோந்துக்காரர்கள் இழுத்து வந்து பின்முற்றத்தில் விட்டார்கள். சோதனைக்கு நிறுத்தியதும் டிரைவர் வயலில் இறங்கி ஓடிவிட்டானாம். பக்கத்தில் வேறு அரசாங்க இடம் இல்லாததால் இங்கே கொண்டுவந்தார்களாம். ரசீதில் 'குளிர்பதன லாரி ஒன்று, பூட்டியது, சாவி இல்லை' என்று எழுதி நீட்டினார்கள். பண்டகசாலை அதிகாரி மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, பெட்டியின் மேல் சுண்ணக்கட்டியால் 'மாதிரி 2' என்று எழுதினார். சுற்றி வந்து பார்த்தார். போன தடவை பளபளவென்று செய்துவிட்ட ஒப்பந்தக்காரர் இந்தத் தடவை நன்றாக உழைத்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. துரு அசலாக இருந்தது. நாற்றம்கூட அசலாக இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாராட்டினார்.

பத்து மணிக்கு முற்றத்துக் காவலாளி, புது லாரியில் எலி பிறாண்டுகிறது என்று வந்து சொன்னார். தூதுக்குழு வரும் நேரத்தில் எலியா என்று பண்டகசாலை அதிகாரி பதறி, பூச்சி மருந்தடிப்பவரை வரவழைத்தார். பொறி வைத்துப் பிடிக்கவெல்லாம் நேரமில்லை, நேரே விஷப்புகை போட்டுவிடுங்கள் என்று உத்தரவு. மருந்தடிப்பவர் சிலிண்டரை இறக்கி, குழாயை லாரியின் காற்றுத் துளையில் செருகப் போனார்.

மேல்முறையீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைக்கும் பெஞ்சு அந்த முற்றத்தில்தான் இருந்தது. தையல்காரர் அதில் உட்கார்ந்து, எலி என்ற சொல்லைக் கேட்டார். தன் அறிக்கையில் தனக்கு என்ன பெயர் எழுதியிருந்தார்கள் என்பது அவருக்கு நினைவு வந்தது. எழுந்து ஓடிப் போய் லாரியின் தகரத்தில் காதை வைத்தார்.

பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கத்தினார். பண்டகசாலை அதிகாரி, இருந்தால் தட்டியிருப்பார்களே என்றார். மதிப்பீட்டாளர் அம்மாவுக்கு ஆள் போனது. அம்மா கையேட்டோடு வந்து பதினான்காம் பக்கத்தைப் பிரித்தார். விதிப்படியே செய்துவிடலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெயிலில் நான்கு நிமிடம் நின்றார்கள். தட்டல் வரவில்லை. தலைமை ஆணையரும் வந்து சேர்ந்தார். யாரையும் சந்தேகிக்க வேண்டாம், இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த நிமிடத்திலும் வரவில்லை.

"காலி லாரி" என்று அம்மா எழுதிக்கொண்டார்.

தையல்காரரை விட்டால், அத்தனை பேரில் லாரியின் மேல் காதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது மருந்தடிப்பவர் ஒருவருக்குத்தான். அவர் துயரகத்தின் ஊழியர் அல்ல, கூலிக்கு வந்தவர். கொஞ்ச நேரம் கேட்டார்.

"சார், இருபது வருஷமா எலியோட மாரடிக்கிறேன்" என்றார். "எலி மூணு தடவை சின்னதா கீறி, ஒரு தடவை நீளமா கீறி, அப்புறம் பதில் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காது."

சிலிண்டரை மூடிவிட்டு, தன் பெட்டியிலிருந்த கடப்பாரையை எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்தார். அரசுச் சொத்து, அரசுச் சொத்து என்று பண்டகசாலை அதிகாரி முனகிக்கொண்டே இருந்தார். நாலாவது நெம்பலில் பூட்டு விட்டது.

முதலில் வந்தது நாற்றம். பிறகு ஒரு கை. பிறகு ஒருவர் மேல் ஒருவராக ஆட்கள் சரிந்தார்கள். உதடு வெடித்தவர்கள், கால் மரத்தவர்கள், சிறுநீரில் ஊறிய துணியோடு ஒரு கர்ப்பிணி. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் இறங்கவில்லை, அவர் இனி இறங்கப்போவதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. தையல்காரரின் மனைவி கடைசியாக, கைகளை ஊன்றி நகர்ந்து வந்தார். வலது கை நகங்கள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. கணவனைப் பார்த்தார்.

சரியாக அந்த நேரத்தில் தூதுக்குழு, சொன்னதற்கு முன்கூட்டியே, வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல் 'மாதிரி 2' என்று எழுதியிருந்ததைப் படித்தார்கள். கீழே விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தார்கள். அசந்துபோய்க் கைதட்டினார்கள். குழுவின் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தை எங்கும் பார்த்ததில்லை என்றும், இறங்காமல் கிடக்கிறவர் நடிப்பு பிரமாதம் என்றும் சொன்னார். ஆணையர் திருத்தவில்லை. நன்றி என்றார்.

அவர்களைத் தேநீருக்கு அனுப்பிய பிறகு, இருபத்திரண்டு பேரையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தையல்காரர் ஆணையரின் எதிரில் போய் நின்றார்; இனியாவது சான்று கொடுங்கள், என் மனைவியை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். சான்று இல்லாவிட்டால் வந்த வழியே எல்லைக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆணையர் அவர் தோளில் கை வைத்தார்.

"இவங்க லாரியிலிருந்து இறங்கினாங்க. அதை நான் மறுக்கல, என் கண்ணால பார்த்தேன். ஆனா லாரியில வந்தாங்கன்றது நிரூபணம் ஆகணுமில்லையா? கையேட்டைத் திருத்தக் குழு போடுறோம். திருத்துற வரைக்கும் பழைய பக்கம்தான். ஒரு பதினொரு நிமிஷம். ஏசி இருக்கு, மெத்தை இருக்கு. அவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு இது ஒரு கஷ்டமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இல்லை; பூசாரி மட்டும் மூன்று மாடிக்கு இருந்தார்கள்.

முதல் ஆளாகத் தையல்காரரின் மனைவியையே கூட்டிப்போனார்கள். நடக்க முடியாததால் இவர் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் மாதிரி லாரியின் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் மனைவியின் உடம்பு அவர் கையிலேயே விறைத்தது. சோதனைக்கு முன் விண்ணப்பதாரருக்கு எதுவும் சொல்லக் கூடாது என்ற விதியை அவர் அன்று மீறினார். காதருகே குனிந்தார்.

"உள்ள போனதும் கதவைத் தட்டு. ஒரு தடவை தட்டினாப் போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

மனைவி அன்று பேசிய ஒரே வார்த்தை இதுதான்: "தட்டினா அடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நான் வெளியதான் நிக்கிறேன். தட்டு."

தலையை ஆட்டினார். கதவு சாத்தப்பட்டது.

தையல்காரர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நீல வெளிச்சத்தில் மனைவி மெத்தைப் பலகையை விட்டு இறங்கித் தரையில் உட்காருவது தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டார். கதவைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது. வலது கையைக் கதவுப் பக்கம் கொஞ்சம் நீட்டினார். நீட்டிய கையை மற்றக் கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று நிமிடம். தட்டு, தட்டு என்று இவர் வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் முடிந்தது. மதிப்பீட்டாளர் அம்மா பெருமூச்சு விட்டு, தட்டியது என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார்.

ஏழாம் நிமிடத்தில் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது. மூன்று சின்னது, ஒரு நீளம்.

தையல்காரர் கையை உயர்த்தி, நகத்தைக் கண்ணாடியில் வைத்து, அதே போலத் திருப்பிக் கீறினார்.

அம்மா பேனாவை நிறுத்தி இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பிற குறிப்புகள் என்ற இடத்துக்கு வந்து, நிதானமான அழகிய கையெழுத்தில் எழுதினார்: எலி, இரண்டு. மருந்தடிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.